மூடிய வால்வும் ஓடிய தண்ணீரும்

எங்கள் பகுதியில் குழாய் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணைக் குழாயக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். மூக்குக்கண்ணாடியும் இழுத்து முடிந்த தலையுமாக, பார்ப்பதற்கு நூலகத்தில் புத்தகத்துக்கு முத்திரை குத்திக் கொடுப்பவர் மாதிரி இருப்பார். தோளில் தொங்கும் பையைத் திறந்தால்தான் ஆள் யார் என்று தெரியும். பைப் அறுக்கும் ரம்பம், இரண்டு ரெஞ்சு, பைப்பை ஒட்டும் சொல்யூஷன் டப்பா, ஒரு கட்டைப் பென்சில்.

இந்த வேலைக்கு அவர் ஆசைப்பட்டு வரவில்லை. அவருடைய அண்ணன் குழாய்ச் சாமான் கடை வைத்திருந்தார், வெளிவேலையும் எடுத்துச் செய்வார். ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். ஒப்புக்கொண்ட வேலை பாதியில் நின்றது. அந்த வீட்டுக்காரர் கடை வாசலில் வந்து சத்தம் போட்டார். கல்லாவில் உட்கார்ந்திருந்த தங்கை எழுந்து, "நான் வந்து முடிச்சுத் தர்றேன்" என்றார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது, இடுப்பில் கைக்குழந்தை.

"எல்போவுக்கும் டீக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு?" என்று அண்ணன் படுத்தபடியே கத்தினாராம்.

"நாலு வருஷமா உனக்கு அதையெல்லாம் எடுத்துக் குடுக்கறது யாரு, பேயா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பியவர்தான். அண்ணனுக்கு இடுப்பு சரியான பிறகும் அவர் கடையிலேயே தங்கிவிட்டார். தங்கை வெளியே போய்க்கொண்டே இருந்தார், இருபத்திரண்டு வருஷமாக.

அவருக்குக் கைவந்தது புல்தரைக்குத் தண்ணீர் லைன் போடுவது. இங்கே வீட்டுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு துண்டுப் புல்தரை வைத்திருப்பார்கள். அதற்கு மண்ணுக்கடியில் பைப் ஓட்டி, அங்கங்கே தெளிப்பான் வைப்பார். பைப்பையும், அது திரும்பும் இடத்தில் மாட்டும் எல்போவையும் முதலில் சும்மா சொருகிப் பார்த்து, சேரும் இடத்தில் பைப்பைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போடுவார். பிறகு கழற்றி, சொல்யூஷன் தடவி, அந்தக் கோடு மறையும்வரை அழுத்துவார். அவ்வளவுதான், ஜென்மத்துக்கும் பிடுங்க முடியாது. "நான் போட்ட லைன் ஒழுகினா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அதில் சிரிப்பு பாதிதான்.

நாலு வருஷத்துக்கு முன் மழை பொய்த்தது. ஏரி வற்றியது. புல்லுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் தண்ணீர் விடலாம் என்று உத்தரவு வந்தது. அப்போதுதான் கடைக்கு அந்தப் புதுப் பெட்டிகள் வந்தன. மண்ணுக்குள் சென்சார் நட்டுவிட்டால் ஈரம் எவ்வளவு என்று பெட்டி பார்த்துக்கொள்ளும். இணையத்தில் வானிலையைப் பார்க்கும், மழை வரும்போல் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் விடாது. எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று எண்ணி, செல்போனுக்குச் செய்தி அனுப்பும்.

குழாயக்காவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "மண்ணு காஞ்சிருக்கான்னு பாக்க ஒரு பொட்டியா? ஆண்டவன் விரல் எதுக்குக் குடுத்தான்?" என்றார். ஒரு பல் டாக்டர் பிடிவாதமாகக் கேட்டதால் அவர் வீட்டில் ஒன்றை மாட்டினார். மூன்று மாதத்தில் அந்த வீட்டில் புல்லுக்குப் போகும் தண்ணீர் பாதியாகிவிட்டது. புல் வாடவில்லை. இவர் நேரில் போய்ப் புல்லைப் பிடுங்கி வேரைப் பார்த்துவிட்டு வந்து அண்ணனிடம், "நாம இத்தன வருஷமா பாதித் தண்ணிய சும்மா கொட்டியிருக்கோம்" என்றார். அன்றிலிருந்து அவரே வீடுவீடாகச் சொல்லி மாட்ட ஆரம்பித்தார்.

அப்படி மாட்டிய வீடுகளில் ஒன்றுதான் டைம்கீப்பருடையது.

டைம்கீப்பர் பஸ் டிப்போவில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதுவதே அவர் வேலை. ஓய்வுக்குப் பிறகு எழுதுவதற்கு வண்டி இல்லாமல் போனதால் புல்லைப் பிடித்துக்கொண்டார். தினமும் மாலை ஆறு பத்துக்குத் தண்ணீர் திறப்பார், ஆறு நாற்பதுக்கு மூடுவார். மழை கொட்டும்போதும் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று தண்ணீர் விட்டதைத் தெருவே பார்த்திருக்கிறது.

அவருடைய மனைவி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். எங்களுக்கு அவர் ஆபரேட்டரம்மா. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. பின்பக்கத்து அறையில், சக்கரம் வைத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில், புல்தரையைப் பார்த்த ஜன்னலோரமாகப் படுத்திருப்பார். அந்த அறை வீட்டோடு கட்டியதில்லை. பிற்பாடு, பள்ளத்தில் மணலைக் கொட்டி நிரவி அதன்மேல் எழுப்பியது.

தெருவிலேயே அதிகத் தண்ணீர் செலவாவது உங்கள் வீட்டில்தான் என்று குடிநீர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததும் டைம்கீப்பர் ஆடிப்போனார். ஒழுங்கு தவறியவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. உடனே குழாயக்காவைக் கூப்பிட்டார். ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த வீட்டுக்கு லைன் போட்டதும் குழாயக்காதான். அவர் ஒரு செவ்வாய்க்கிழமை போய், பெட்டியை மாட்டி, சென்சார்களை நட்டு, நாலு வால்வையும் திறந்து மூடிக் காட்டிவிட்டு வந்தார். டைம்கீப்பருக்குச் செல்போன் அவ்வளவாக ஓடாது என்பதால், பெட்டியின் செய்தி தன் போனுக்கும் வரும்படி செய்துகொண்டார்.

மறுநாள் காலை முதல் செய்தி வந்தது. எல்லா வால்வும் மூடியிருக்கிறது, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர்.

குழாயக்கா அதைப் பார்த்தார். ஒதுக்கினார். பைப்பில் காற்று இருக்கும், புதுப் பெட்டிக்குப் பிடிபட ஒருநாள் ஆகும் என்று நினைத்தார். வியாழக்கிழமை மறுபடி வந்தது. அதையும் ஒதுக்கினார். இதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார். "அந்த லைன் நான் போட்டது. அதுல ஒழுக்குன்னு பொட்டி சொன்னா பொட்டிதான் தப்புன்னு நெனச்சேன். ரெண்டு நாள். அந்த ரெண்டு நாள்ல என்ன வேணா ஆகியிருக்கும்."

வெள்ளிக்கிழமை காலையில் டைம்கீப்பரே போன் செய்தார்.

"என்னம்மா, உங்க பொட்டி பொய் சொல்லுது."

"என்ன சார் சொல்லுது?"

"பின்பக்க மூலையில ஈரம் நூத்துக்கு நூறுங்குது. மூணு நாளா அங்க ஒரு சொட்டுக்கூட விடல. மத்த இடமெல்லாம் காஞ்சுக்கிட்டு வருது. அந்த மூலை மட்டும் பச்சப்பசேல்னு இருக்கு. இது என்ன கணக்கு?"

குழாயக்காவுக்குச் சுருக்கென்றது. கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

பதினொரு மணி இருக்கும். முதலில் வீட்டுக்குள் எல்லாக் குழாயையும் மூடச் சொன்னார். வாசலில் இருக்கும் தண்ணீர் மீட்டரின் மூடியைத் திறந்து குனிந்தார். நடுவிலிருந்த குட்டிச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் யாரும் கைகூடக் கழுவவில்லை, அது பாட்டுக்கு நிதானமாகச் சுற்றியது. பிறகு புல்தரைக்குப் போகும் லைனின் தலைவால்வை மூடிவிட்டு வந்து பார்த்தார். சக்கரம் நின்றுவிட்டது.

ஒழுகுவது அவர் போட்ட லைன்தான்.

"நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர்னா ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று டைம்கீப்பர் கேட்டார். கேட்டவரே மனக்கணக்காகப் போட்டு, "ரெண்டாயிரத்தி எண்ணூத்தி எம்பதா?" என்றார். அவர் குரல் கீழே போய்விட்டது. "அவ்வளவு தண்ணி எங்கம்மா போச்சு? தரைக்கு மேல ஒண்ணும் வரலியே?"

அதுதான் குழாயக்காவுக்கும் புரியவில்லை. அவ்வளவு தண்ணீர் கசிந்தால் சேறாகி நிற்க வேண்டும். கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்க மூலைக்குப் போனார். அறைச் சுவரை ஒட்டி, கம்பளம் விரித்த மாதிரிப் புல் அடர்ந்திருந்தது. டைம்கீப்பருக்கு வீட்டிலேயே பெருமையான இடம் அது, வருகிறவர்களையெல்லாம் அங்கே நிறுத்திக் காட்டுவார். குழாயக்கா கடப்பாரையை ஊன்றி அழுத்தினார். ஒரு முழம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

கடப்பாரை கையைவிட்டுப் போய்விட்டது.

மண்ணில் குத்தி நிற்க வேண்டிய இரும்பு, கிணற்றில் போட்ட மாதிரி உள்ளே விழுந்து, எங்கேயோ ஆழத்தில் தண்ணீரில் 'ளொளக்' என்றது. குழாயக்கா காலியான கையை நீட்டியபடியே நின்றார். டைம்கீப்பர் அவரையும் அந்த ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பின்னால போங்க சார்" என்றார் குழாயக்கா. அவர் குப்புறப் படுத்து, புல்லைக் கையால் பிய்த்து, ஓட்டையை அகலமாக்கினார். செல்போன் விளக்கைப் போட்டு உள்ளே நீட்டி, கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

உள்ளே மண் இல்லை. சுவருக்கு அடியில், அறைக்கு அடியில், கண்ணுக்கு எட்டியவரை வெறும் இருட்டு. மேலே கூரை மாதிரித் தெரிந்தது என்ன என்று ஒரு நொடி விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அது அறையின் தரை. சிமென்ட்டுத் தரையின் அடிப்பக்கம். கீழே பிடிப்பு எதுவுமில்லாமல் அந்தரத்தில் நின்றது. அதன் குறுக்கே விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் ஓடியது. ஆள் உயரத்துக்குக் கீழே கறுப்பாகத் தண்ணீர். ஓர் ஓரத்தில் உடைந்த பழைய மழைநீர்க் கால்வாய் வாயைத் திறந்துகொண்டிருந்தது. ஒழுகிய தண்ணீர் கொட்டி நிரவிய மணலை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து அந்த வழியே இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"என்னம்மா, பைப் கிடைச்சுதா?" என்று பின்னாலிருந்து டைம்கீப்பர் கேட்டார்.

குழாயக்கா எழுந்து உட்கார்ந்தார். "சார், அம்மா எங்க இருக்காங்க?"

"எங்க இருப்பா? உள்ளதான், கட்டில்ல..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அவர் முகத்தைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், அறை ஜன்னலைப் பார்த்தார். மூன்றும் ஒன்றுசேர ஒரு கணம் ஆனது. சேர்ந்ததும் "ஐயோ" என்று ஓடப் பார்த்தார். குழாயக்கா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஓடாதீங்க! உள்ள போகாதீங்க! உங்க கனம் அதுக்கு ஆகாது. ஓஸ் எங்க?"

"என்ன?"

"தண்ணி விடற ஓஸ்! பழசு! எடுங்க!"

அறைவாசலுக்கு வெளியே, பழைய வீட்டின் உறுதியான தரையில், டைம்கீப்பரை நிறுத்தினார். ரப்பர் ஓஸின் ஒரு முனையை அவர் இடுப்பில் சுற்றிக் கையில் கொடுத்தார். மறுமுனையைத் தான் எடுத்துக்கொண்டு, தரையில் படுத்த மாதிரித் தவழ்ந்து உள்ளே போனார். மண்டியிட்டால் ஒரே இடத்தில் கனம் இறங்கும் என்று பயம். தரையில் காதை வைக்காமலே உள்ளே வெற்றிடம் ஒலிப்பது தெரிந்தது.

ஆபரேட்டரம்மா தலையைத் திருப்பிப் பார்த்தார். "என்ன குழாயக்கா, தவழ்ந்து வர? தோடு கீடு விழுந்துடுச்சா?"

"இல்லம்மா. கட்டில வெளிய எடுக்கப் போறோம். அசையாம இருங்க."

"அடியம்மா, நான் அசைஞ்சா அதிசயம்" என்றார் அவர். அடுத்த நொடியே குரல் மாறியது. "ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு? அந்த மூலையா? ஏழு மாசமா நான் கத்தறேன், கட்டில் சாயுது, வெச்ச மாத்திரையெல்லாம் அந்த மூலைக்கு உருளுதுன்னு. யாராவது கேட்டீங்களா?"

குழாயக்கா கட்டிலின் காலருகே போயிருந்தார். அப்போதுதான் அதைப் பார்த்தார். சுவர்ப்பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் மடித்த அட்டைகள். ஒன்றிரண்டு இல்லை, அடுக்கடுக்காக. கட்டில் சாயச்சாய யாரோ ஒவ்வொன்றாகச் சொருகிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். டைம்கீப்பரின் முகத்தில் ரத்தமே இல்லை.

வாசல்பக்கத்துக் காலில் ஓஸை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தார். பிறகு சக்கரத்தின் பிரேக்கைத் தட்டிவிட்டார்.

கட்டில் வாசல்பக்கம் வரவில்லை. மூலைப்பக்கம் போனது. தானாகவே, மெதுவாக, சரிவில் விட்ட வண்டி மாதிரி உருள ஆரம்பித்தது. "ஏய், ஏய், எங்க போகுது!" என்று ஆபரேட்டரம்மா கத்தினார். ஓஸ் விறைத்து, இழுபட்டு, விரல் பருமனுக்கு மெலிந்தது. "இழுங்க சார்!" டைம்கீப்பர் வாசற்கதவின் சட்டத்தில் காலை உதைத்துப் பின்னால் சாய்ந்து இழுத்தார். எழுபது வயது மனிதர். கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நின்றது. குழாயக்கா படுத்தபடியே கட்டிலின் காலைப் பிடித்துத் தள்ளினார். ஒரு சாண், இன்னொரு சாண். பிறகு சக்கரம் வாசலின் உறுதியான தரையைத் தொட்டதும் கட்டில் தடதடவென்று வெளியே வந்து, டைம்கீப்பரின்மேல் மோதி, அவரைச் சுவரோடு சாய்த்து நின்றது. குழாயக்கா பின்னாலேயே தவழ்ந்து வந்து, வெளியே விழுந்து, மூச்சு வாங்கினார்.

ஆபரேட்டரம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "தண்ணி குடு யாராவது. எனக்கில்ல, அவருக்கு."

கால்மணி நேரம் போயிருக்கும். அண்டாவைக் கவிழ்த்த மாதிரி ஒரு சத்தம். அறையின் மூலை உள்ளே போய்விட்டது. மருந்து மேஜை, நாற்காலி, கட்டில் கிடந்த இடம் எல்லாம் ஒன்றாக இறங்கின. சுவர் மட்டும் எப்படியோ நின்றது. தண்ணீர் விழுங்குகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. டைம்கீப்பர் வாசலில் நின்று அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, தனக்கு எதிரே யாரோ நிற்பது போல, "கால்மணி நேரம்" என்றார். "கால்மணி நேரம்."

நகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்து அறையைப் பூட்டச் சொன்னார். எங்கே ஒழுகியது என்று கண்டுபிடித்துச் சொன்னால்தான் மேற்கொண்டு எதையும் செய்ய முடியும் என்றார்.

மறுநாள் குழாயக்காவும் அண்ணனும் சுவருக்கு வெளிப்பக்கமாக, பத்திரமான தூரத்திலிருந்து தோண்டிக்கொண்டே வந்தார்கள். மதியம் பைப் தென்பட்டது. வால்வுப் பெட்டிக்கு வரும் வழியில் ஓர் எல்போ. குழாயக்கா அதைத் தொட்டார். தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

உடைந்து வரவில்லை. பேனாவிலிருந்து மூடி வருவது போலச் சுத்தமாகக் கழன்று வந்தது. உள்ளே சொல்யூஷன் ஒட்டிய தடமே இல்லை. பைப்பைச் சுற்றி, ஒன்பது வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் அழியாமல், ஒரு பென்சில் கோடு.

அண்ணன் எட்டிப் பார்த்தார். அவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

குழாயக்காவுக்கு அந்த நாள் அப்படியே திரும்பி வந்தது. அளவு பார்த்து, சொருகி, கோடு போட்டு, சொல்யூஷன் டப்பாவைத் திறக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து போன். மகள் படியில் விழுந்து கை முறிந்துவிட்டது. எழுந்து ஓடினார். ஓடும்போதே, தோண்ட வந்திருந்த ஆளிடம், "எல்லாம் முடிஞ்சுது, மூடிடுங்க" என்றார். அவர் மூடிவிட்டார். மறுநாள் வந்து தண்ணீர் திறந்தபோது எல்லாத் தெளிப்பானும் அழகாகச் சுற்றின. மண்ணின் இறுக்கத்திலேயே அந்த மூட்டு இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. முதலில் துளித்துளியாக விட்டிருக்கும். பிறகு இப்படி.

"சும்மா இரு" என்றார் அண்ணன் தணிந்த குரலில். "ஒம்பது வருஷம் ஆச்சு. பைப் விரிஞ்சு போச்சுன்னு சொல்லிடலாம். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"இருபத்திரண்டு வருஷப் பேரு போயிடும்."

"கட்டில் போயிருக்கும் அண்ணா" என்றார் குழாயக்கா. எல்போவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

முன்னறையில் டைம்கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குழாயக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை, மகள் கை முறிந்ததைக்கூடக் கடைசியாகத்தான் சொன்னார். டைம்கீப்பர் எல்போவை வாங்கி உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டார்.

குழாயக்கா சொன்னார்.

"எத்தன மணி?"

"பன்னண்டே கால் இருக்கும் சார்."

அவர் தலையை ஆட்டினார். எல்போவைத் திருப்பிக் கொடுத்தார். "வெளிய போங்க" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்று குழாயக்கா சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு அவரால் கை கழுவக் குழாயைத் திறக்க முடியவில்லை. மகள் இப்போது மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன் மணிக்கட்டைப் பார்த்தபடி, "அப்போ என்னாலயாம்மா?" என்றாள்.

"உன்னால இல்ல. மூடிடுங்கன்னு சொன்னது என் வாய்" என்றார் குழாயக்கா.

ஒரு வாரம் அவர் எந்த வேலைக்கும் போகவில்லை. எட்டாம் நாள் போன் வந்தது. எடுத்ததும், பல வருஷம் லட்சம் பேரிடம் பேசிப் பழகிய அந்தக் குரல்.

"என் வீட்டுக்காரர் உங்கிட்டப் பேச மாட்டார். அதனால லைன்ல நான் இருக்கேன். கேக்குதா?"

"கேக்குதும்மா."

"நீ அவர் உம்மேல கோவமா இருக்காருன்னு நெனச்சுக்கிட்டிருக்க. கோவம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த மனுஷன் என்ன பண்றார் தெரியுமா? பள்ளத்துல கெடந்த அட்டையெல்லாம் பொறுக்கிக் காயவெச்சு, அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். பதினாலு அட்டை. கட்டில் சாயுதுன்னு நான் சொன்னப்பல்லாம், உனக்கு ஒரு பக்கம் விழுந்ததால அப்படித் தோணுதுன்னு சொல்லி ஒவ்வொண்ணா சொருகினவரு. சோறு எறங்கல அவருக்கு."

குழாயக்கா மூக்கை உறிஞ்சினார்.

"அழுது முடிச்சியா? முடிச்சா வந்து அந்த லைன ஒழுங்காப் போடு. வேற ஆளு வந்தா நான் உள்ள விட மாட்டேன். செஞ்ச தப்பு என்னன்னு தெரிஞ்ச ஆளுதான் எனக்கு வேணும்."

அவர் போனார். பொறியாளர் சொன்னபடி கால்வாயின் உடைசலை அடைத்து, பள்ளத்தைக் கல்லும் மண்ணும் போட்டு இடித்து நிரப்பும் வேலை மாதக்கணக்கில் நடந்தது. கடையை மூடிவிட்டு அண்ணனும் கூட வந்து மண் சுமந்தார். டைம்கீப்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பதினொரு மணிக்கு இரண்டு டம்ளர் டீ, பள்ளத்தின் ஓரத்தில், தவறாமல் வைக்கப்பட்டிருக்கும்.

அதோடு குழாயக்கா நிறுத்தவில்லை. ஒரு மூட்டு தப்பியிருந்தால் இன்னொன்று தப்பியிருக்காதா? தன் ஞாபகத்தை இனி எதற்கும் நம்பக் கூடாது என்று முடிவு செய்தார். பழைய நோட்டுகளை எடுத்து, தான் லைன் போட்ட வீடுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போனார். அறுபத்தொரு வீடு. அதில் ஒன்று என்னுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்று, "எல்லாக் குழாயையும் கால்மணி நேரம் மூடுங்க, நான் உங்க மீட்டரைப் பாக்கணும்" என்றார். யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன். யாரும் அனுப்பவில்லை என்றார். மீட்டர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து அந்தக் குட்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, மேலே எழுதியதையெல்லாம் என்னிடம் சொன்னார். என் வீட்டுச் சக்கரம் அசையவில்லை. சொல்லி முடித்தபோது அவரைவிட எனக்குத்தான் அதிகம் வியர்த்திருந்தது.

அறுபத்தொன்றில் நாலு வீட்டில் ஒழுக்கு இருந்தது. இரண்டு எலி கடித்தது, ஒன்று மரத்தின் வேர் நெரித்தது. நாலாவது ஒரு தையற்காரர் வீடு. அங்கே சொல்யூஷன் சரியாகப் பிடிக்காமல் ஒரு மூட்டு கசிந்துகொண்டிருந்தது, அதுவும் இவர் கை வேலைதான். தையற்காரர், "வாளித் தண்ணிகூட இருக்காது, விடுங்கக்கா" என்று சிரித்தார். குழாயக்கா சிரிக்கவில்லை. அன்றைக்கே தோண்டி மாற்றிக் கொடுத்தார். சிலர் அவரிடம் அதன்பிறகு வேலை கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். இப்போது எந்த வீட்டிலும் லைன் போட்டு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரைத் திறந்துவிட்டு, பெட்டி ஒழுக்கில்லை என்று சொன்ன பிறகுதான் பள்ளத்தை மூடவிடுகிறார். பெட்டியின் செய்தி வந்தால் சாப்பாட்டில் கை இருந்தாலும் எழுந்துவிடுவார்.

டைம்கீப்பர் வீட்டுத் தண்ணீர்ச் செலவு மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. புல்தரையும் முன்பு இருந்ததில் பாதிதான். அந்த மூலையில் மறுபடி புல் வைக்க ஆபரேட்டரம்மா சம்மதிக்கவில்லை.

ஐந்தாம் மாதம் அறை தயாரானது. பொறியாளர் வந்து தட்டிப் பார்த்துச் சரி என்றார். டைம்கீப்பர் வாசல்வரை கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றுவிட்டார். காலை உள்ளே வைக்க அவரால் முடியவில்லை. முன்னறையே போதும், இங்கேயே இருக்கலாம் என்றார்.

"எனக்கு ஜன்னல் வேணும்" என்றார் ஆபரேட்டரம்மா. பிறகு, ஓரமாக நின்றிருந்த குழாயக்காவைப் பார்த்து, "நீ மொதல்ல போய் நடுவுல நில்லு" என்றார்.

குழாயக்கா போனார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு அடியாக, அறையின் நடுவுக்குப் போய் நின்றார். அண்ணன் வேறு பக்கம் பார்த்தார்.

"குதி" என்றார் ஆபரேட்டரம்மா.

"அம்மா..."

"குதிங்கறேன்."

நாற்பத்தெட்டு வயதுப் பெண் அந்தப் புதுத் தரையில் ஒரு குதி குதித்தார். தரை கல் மாதிரி நின்றது. இன்னொரு குதி. டைம்கீப்பர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு கட்டிலின் தலைப்பக்கத்தைப் பிடித்து, ஐந்து மாதத்தில் முதல் தடவையாகக் குழாயக்காவிடம் பேசினார்.

"அந்தப் பக்கம் பிடிங்கம்மா" என்றார். "நேரா விடணும்."